இணை இல்லாத எண்

சில ஆண்டுகள், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரை உருவாக்கும் ஒரு குழுவில் மதிப்பு வீச்சுப் பகுப்பாய்வு என் பொறுப்பில் இருந்தது. ஒரு மாறியின் மதிப்பு எந்தக் கீழெல்லைக்கும் எந்த மேலெல்லைக்கும் இடையில் அமையும் என்பதை நிரலை ஓட்டாமலே கணித்து, வேண்டாத சோதனைகளை நீக்குவதே அதன் வேலை. அரேயில் (மதிப்புகளை வரிசையாக அடுக்கிய பட்டியலில்) இடத்தைச் சுட்டும் குறியீட்டெண் 0க்குக் கீழே போகாது, நீளத்தையும் எட்டாது என்று நிறுவிவிட்டால், ஒவ்வொரு முறையும் எல்லையைச் சரிபார்க்க வேண்டியதில்லை. வீச்சை அகலமாகக் கணித்தால் நிரல் சற்று மெதுவாக ஓடும், அவ்வளவுதான். குறுக்கிக் கணித்துவிட்டால், அது தனக்குரியதல்லாத நினைவகத்தில் கைவைக்கும்.

ஒரு வாடிக்கையாளரின் நிரல் எப்போதாவது ஒரு முறை குப்பை மதிப்பைப் படித்தது. ஓர் எழுத்துச் சரத்திலிருந்து கணிக்கப்படும் ஹாஷ் எண்ணுக்கு மட்டு மதிப்பு (குறியை நீக்கிய அளவு) கண்டு, அதை 1000ஆல் வகுத்த மீதியைக் குறியீட்டெண்ணாகக் கொள்ளும் ஒரே வரியில்தான் சிக்கல் இருந்தது. 32 பிட் முழு எண் −2147483648இல் தொடங்கி 2147483647இல் முடிகிறது. எதிர்மப் பக்கத்தின் கடைசி எண்ணுக்கு நேர்மப் பக்கத்தில் இணை கிடையாது. நாங்கள் பின்பற்றிய ஜாவா விதிப்படி அதன் மட்டு மதிப்பும் அதுவே. 1000ஆல் வகுத்தால் மீதி −648. அங்கே எக்ஸெப்ஷன், அதாவது நிரலை நிறுத்தும் பிழை அறிவிப்பு, எழுந்திருக்க வேண்டும். எங்கள் பகுப்பாய்வோ, மட்டு மதிப்பு எதிர்மமாகாது என்ற பள்ளிக் கணக்கை நம்பி, அந்தச் சோதனையையே நீக்கியிருந்தது. அட்டவணையின் நீளம் 1024ஆக இருந்திருந்தால் மீதி 0 வந்திருக்கும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. (பாலிஜீன்லூப்ரிகன்ட்ஸ் என்ற விசித்திரமான சொல்லை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எழுதினால், ஜாவாவில் அதன் ஹாஷ் சரியாக −2147483648. எங்கள் சோதனைத் தொகுப்பில் அதற்கு நிரந்தர இடம் கிடைத்தது.)

திருத்துவது எளிதென்று எண்ணினேன். ஆனால் எங்கள் வீச்சு இடைவெளியில்லாத ஒரே துண்டு; அந்த ஓர் எண்ணைச் சேர்த்த கணமே அது முழு எண்கள் அனைத்தையும் விழுங்கிவிடுகிறது. மூல மதிப்பு அந்த எண்ணாக இருக்க முடியாது என்று தெரிந்த இடங்களில் மட்டும் பழைய கணிப்பை வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் வேகத்தை விட்டுக்கொடுத்தேன்.

மாற்றத்தைப் பரிசீலித்த மூத்த பொறியாளர், “மீதிக் கணக்கைப் பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். பார்த்தபோது வெட்கமாக இருந்தது. மீதியின் எல்லையைக் கண்டுபிடிக்க எங்கள் சி++ நிரல் வகுஎண்ணின் மட்டு மதிப்பை எடுத்தது, அதுவும் 32 பிட்டிலேயே. அதாவது வாடிக்கையாளர் செய்த அதே தவற்றைக் கம்பைலருக்குள் நாங்களும் செய்திருந்தோம். சி++இல் குறியுள்ள எண் எல்லை மீறினால் விளைவு வரையறுக்கப்படவில்லை என்பதால், எங்கள் நிலை இன்னும் மோசம். நேர்மப் பக்கத்துக்குப் போகாமல், வகுஎண்ணை எப்போதும் எதிர்மமாக்கி, 1ஐக் கூட்டி, அதன் பிறகே குறியை மாற்றினேன். −2147483647க்கு இணை உண்டல்லவா?

இப்படி ஒவ்வொன்றாகத் துரத்துவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பகுப்பாய்வின் பிட் அகலத்தை மாற்றத்தக்கதாக எழுதி, 4 பிட்டுக்குச் சுருக்கினேன். −8 முதல் 7 வரையிலான 16 எண்களில் 136 வீச்சுகளே உண்டு. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 18,496. ஒவ்வொரு செயலுக்கும் எல்லாச் சோடிகளையும், அவற்றுக்குள் எல்லா எண்களையும் ஓட்டிப் பார்த்துவிடலாம். தேநீர் எடுத்துவர எழுந்திருக்கக்கூட நேரமில்லை. அகப்பட்டவற்றில் நான் கொஞ்சமும் சந்தேகிக்காதது, குறியைப் பொருட்படுத்தாத வலது நகர்வு: பிட்டுகளை வலப்பக்கம் தள்ளி, இடப்பக்கம் 0களை நிரப்பும் செயல். நகர்த்தும் அளவில் 0 இல்லையென்றால் விடை எதிர்மமாகாது என்று எழுதியிருந்தோம். ஆனால் 32 பிட்டில் அளவின் கடைசி 5 பிட்டுகளே எடுத்துக்கொள்ளப்படுவதால், 32 இடம் நகர்த்துவதும் 0 இடம் நகர்த்துவதும் ஒன்றே. 1 முதல் 32 வரையிலான வீச்சுக்குள் அந்த 0 மறைந்திருந்தது. 4 பிட்டின் சின்ன உலகில், 4 இடம் நகர்த்துவதும் 0 இடம் நகர்த்துவதும் ஒன்று என்பதால், அது −1ஐ 4 இடம் நகர்த்தும் ஒரு வரியாக வந்து நின்றது.

புதிய பதிப்பு வெளியான பின் அதே வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது: இத்தனை காலம் ஓடிய நிரல் இப்போது எக்ஸெப்ஷன் எழுப்பி நின்றுவிடுகிறதாம். எந்த வரி என்று சொல்லிப் பதில் எழுதினேன்.