ஸெர்-லி-ஆ

பிப்ரவரி 3, லிஸ்பன்
அலுவலகத்திலிருந்து போர்த்துக்கீசியத்தில் கடிதம் வந்தது. முழுப் பக்கத்தில் விஷயம் ஒரே வரி: 'ஸெர்-லி-ஆ கொமுனிகாது'. தங்களுக்குத் தெரிவிக்கப்படும். எப்போது என்று இல்லை.

பிப்ரவரி 4
தபால் பெட்டி காலி.

பிப்ரவரி 6
தூக்கமில்லை. அந்தச் சொல்லை உடைத்துப் பார்த்தேன். ஸெர், ஆக. லி, உங்களுக்கு. ஆ, இருக்கிறது. 'ஸெரா', ஆகும் என்ற ஒரே வினையைப் பிளந்து நடுவில் என்னை உட்காரவைத்திருக்கிறார்கள்.

'பாடுவேன்' இங்கே கன்தரெய். ஸ்பானியத்தில் கன்தரே, இத்தாலியனில் கன்தெரோ, பிரெஞ்சில் ஷான்த்ரே. எல்லாவற்றின் வாலிலும் லத்தீனின் 'ஹபேயோ' ஒட்டிக்கொண்டிருக்கிறது: என்னிடம் உண்டு. கன்தாரே ஹபேயோ, எனக்குப் பாட வேண்டியிருக்கு. கடமை தேய்ந்து காலமான கதை! மற்றவர்கள் தையல் கண்ணுக்குத் தெரியாமல் தைத்துவிட்டார்கள். போர்த்துக்கீசியர் மட்டும் இன்னும் பிரித்து நடுவில் ஆளைச் செருகுகிறார்கள், அதுவும் அலுவலகக் கடிதத்தில்.

பிப்ரவரி 7
அம்மா போனில். "வந்துருச்சாடி?"
"வரும்மா."

பிப்ரவரி 9
கீழ்வீட்டுப் பாட்டி அந்த வடிவத்தை வாயால் சொல்லிக் கேட்டதே இல்லை. 'வாய் ஷெகார்' என்கிறார். வரப்போகிறது, அவ்வளவுதான். எதிர்காலம் அவருக்குச் சந்தேகப்படத்தான். யாராவது மணி அடித்தால் "ஸெரா?" என்பார். அவராக இருக்குமோ?

பிப்ரவரி 10
இவரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். சாதமும் அடிப்பிடித்தது.

பிப்ரவரி 12
பழைய லத்தீனுக்குத் தனி எதிர்காலம் இருந்தது. கன்தாபித், பாடுவான். கன்தாவித், பாடினான். பேச்சில் அந்த ப, வ-வோடு கலந்துபோனது. நடந்ததா, நடக்கப்போகிறதா என்றே காதுக்குப் பிரியவில்லை. எனக்கும்தான்.

7-ஆம் நூற்றாண்டு வரலாற்று நூல் ஒன்றில் ஒரு கதை. ஊர்களைத் திருப்பிக் கொடு என்கிறார் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன். 'நோன் தாபோ', தரமாட்டேன் என்கிறான் பிடிபட்ட பாரசீக அரசன். 'தராஸ்', தருவாய் என்கிறார் இவர். தராஸ் என்ற ஊருக்குப் பெயர் அப்படித்தான் வந்ததாம். சுத்தப் பொய், ஊர் அவருக்கு முன்பே இருந்தது. ஆனால் மறுப்பவன் வாயில் பழைய வடிவம், அதட்டுகிறவர் வாயில் 'ஹபேயோ' வால் ஒட்டிய புதியது. அலுவலகத்தில் நான் 'தராஸ்' சொன்னால் எப்படி இருக்கும்?

பிப்ரவரி 13
காலி.

பிப்ரவரி 14
842-இல் இதே தேதியில் ஸ்ட்ராஸ்பூரில் அரசன் ஜெர்மானிய லூயி பழைய பிரெஞ்சில் சத்தியம் செய்தான்: 'ஸல்வராய்', தம்பியைக் காப்பேன். அதிலும் அதே வால். அவனாவது தேதி போட்டான்.

பிப்ரவரி 17
10.20. பாட்டி மூச்சு வாங்கப் படியேறி வந்திருக்கிறார். கையில் உறை. நீட்டவில்லை, புருவத்தைத்தான் தூக்குகிறார்.
"ஸெரா?"