ஆக்டேவியா வாங்கிய கதை: என்ஜினைவிட ஆர்சிதான் படுத்தியது

கார் என் பேருக்கு மாறிவிட்டது என்ற எஸ்எம்எஸ் போன வாரம்தான் வந்தது. வண்டி அதற்கு வெகு நாள் முன்பே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது, ஆர்சி என்கிற பதிவுச் சான்றுதான் வரவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவைத்தால், ஓட்டுவதற்கு நன்றாக இருக்கும் ஒரு பழைய செடான் தேடும் யாருக்காவது உதவும்.

என் தேவை சொல்லிவிடுகிறேன். வாரநாளில் கோயம்புத்தூர் அவிநாசி ரோடு டிராஃபிக். மாதத்தில் ஒரு ஞாயிறு பொள்ளாச்சி, ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். வண்டி இரண்டுக்கும் சரிப்பட வேண்டும். மாதா மாதம் மெக்கானிக் வாசலில் நிற்கக் கூடாது.

ஆசை என்னவோ ஸ்கோடா ஆக்டேவியாவின் வேகமான வடிவமான விஆர்எஸ் மேல்தான். 2017-ல் வந்த விஆர்எஸ் 230: இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் இழுவிசை. ஷோரூம் விலை அப்போதே சுமார் 25 லட்சம். இந்தியாவுக்கு வந்த எண்ணிக்கை கம்மி, அதனால் இன்றைக்கும் விலை இறங்க மாட்டேன் என்கிறது. பெங்களூரில் ஒன்று என் கைக்கு எட்டும் விலையில் விற்பனைக்கு வந்ததும் சந்தேகப்பட்டிருக்கலாம்தான், ஆனால் அந்த விலையைப் பார்த்தால் யாருக்குத்தான் கிளம்பிப் போகத் தோன்றாது? போய்ச் சேர்ந்தபோது பானட் சூடாக இருந்தது. "உங்களுக்காகத்தான் ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்" என்றார் விற்பவர். குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது வரும் சத்தமும் புகையும்தான் டர்போ பெட்ரோலின் ஜாதகம். அதை மறைப்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை. ரீமேப் செய்த வண்டியா, அதாவது என்ஜின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டியதா என்று கேட்டேன். இல்லை என்றார். பின்சீட்டில் கிடந்த ஃபைலில் ஸ்டேஜ் ஒன் டியூனிங் பில், அதாவது அதே ரீமேப்புக்கான பில் இருந்தது. விற்பதற்கு முன் பழைய மென்பொருளை ஏற்றிவிட்டால் வண்டி கன்னி கழியாததாகிவிடும் என்று நினைத்திருக்கிறார் போல.

இங்கே ஒரு எச்சரிக்கை. கர்நாடகா வண்டி பார்க்க மலிவாகத் தெரியும். தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தால் அங்கிருந்து ஃபார்ம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே மறுபடியும் ஆயுள் வரி, புது நம்பர். அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்ப வாங்குவது தனி அலைச்சல். அந்தத் தொகையைக் கூட்டிப் பார்த்த பிறகு விலையை ஒப்பிடுங்கள்.

அடுத்தது எட்டாம் தலைமுறை ஹோண்டா சிவிக். 2006-ல் இங்கே வந்தது. 1.8 லிட்டர் ஐ-விடெக் பெட்ரோல் என்ஜின், 132 குதிரைத்திறன், டர்போ கிடையாது, பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். நம்பிக்கையில் இதை அடிக்க ஆள் இல்லை, ஸ்டியரிங்கும் உயிரோடு இருக்கும். தரையை மட்டும் தடவிக்கொண்டுதான் போகும், நம் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றும் வயிற்றைக் கலக்கும். ஈரோட்டில் ஒரு மேனுவல் கிடைத்தது. என்ஜின் பட்டு மாதிரி. ஆனால் ஆர்சி இறந்துபோன அப்பா பேரில், விற்பவர் மூன்று வாரிசுகளில் ஒருவர், இன்னொருவர் துபாயில். முதலில் ஃபார்ம் 31 போட்டு வாரிசு பேருக்கு மாற்றி, அப்புறம்தான் எனக்கு விற்க முடியும். "அப்பா கையெழுத்து போட்ட ஃபார்ம் 29, 30 எல்லாம் இருக்குங்க, தேதி மட்டும் போட்டுக்கலாம்" என்று பெயர் மாற்றப் படிவங்களைக் காட்டினார் புரோக்கர். இறந்தவர் கையெழுத்தில் தேதி போட்டு கார் வாங்கும் அளவுக்கு எனக்குச் சிவிக் மேல் காதல் இல்லை. போதாததற்கு 15 வருடம் முடியப் போகிற வண்டி. பதிவைப் புதுப்பிக்க இன்ஸ்பெக்‌ஷன், பசுமை வரி என்று இன்னொரு சுற்றும் காத்திருந்தது.

இதற்குப் பிறகுதான் ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, அதாவது 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல். 180 குதிரைத்திறன், பின்னால் இரண்டு சக்கரமும் தனித்தனியாக அசையும் மல்டிலிங்க் சஸ்பென்ஷன். விஆர்எஸ் வாங்க முடியாதவன் வாங்கும் விஆர்எஸ் என்பார்கள். இதைப் பார்க்கப் போகும் எல்லோரும் கேட்கும் கேள்வி "ஸ்கோடா நம்பகமானதா?" கேள்வியே சரியில்லை என்பது என் கட்சி. கேட்க வேண்டியது "எந்த கியர்பாக்ஸ்?" என்பது. இந்த 1.8-ல் இருப்பது டிக்யூ200 என்ற ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், அதுவும் உலர் கிளட்ச். எண்ணெயில் முங்காத கிளட்ச் என்பதால் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சூடு ஏறும், தேயும். கிளட்சை விடப் பெரிய தலைவலி மெக்கட்ரானிக் என்கிற ஹைட்ராலிக்–மின்னணு மூளை. அது போனால் செலவு சாதாரணமாக லட்சத்தைத் தாண்டும். இதே குடும்ப கியர்பாக்ஸுக்காகத்தான் 2013-ல் சீனாவில் ஃபோக்ஸ்வாகன் 3.84 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. வேடிக்கை என்னவென்றால் இதைவிடப் பலசாலியான விஆர்எஸ் 230-லும், 2.0 டீசல் ஆட்டோமேட்டிக்கிலும் இருப்பது ஆறு கியர், எண்ணெயில் முங்கிய கிளட்ச். அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் அது பாட்டுக்கு ஓடும். வேகமான வண்டிதான் ரிஸ்க், மெதுவான வண்டி பத்திரம் என்ற கணக்கு இந்தக் குடும்பத்தில் செல்லாது.

தெரிந்தே 1.8 பார்க்கப் போனேன். ஊரிலேயே ஒரு டீலரிடம் இருந்தது. ஓடோமீட்டர் 61,000 என்று காட்டியது. ஸ்டியரிங் தோலும் பிரேக் பெடல் ரப்பரும் தேய்ந்த தேய்ச்சல் அதை நம்பச் சொல்லவில்லை. காரின் கணினியில் பதிவான பழுதுகளைப் படிக்க, கூட வந்த மெக்கானிக் அண்ணன் லேப்டாப்பை எடுத்ததுமே டீலருக்கு முகம் மாறியது. "ஸ்கேன் எல்லாம் எதுக்குங்க, பேட்டரி இறங்கிடும்."

இறங்கட்டும் என்று செருகினோம். இந்தக் கம்பெனி வண்டிகளில் ஒரு பழுது பதிவாகும்போது அந்த நேரத்து கிலோமீட்டரும் தேதியும் சேர்ந்தே பதிவாகும். மீட்டரைப் பின்னுக்குத் திருப்புகிறவர்கள் இதையெல்லாம் தேடித்தேடி அழிப்பதில்லை. பார்க்கிங் சென்சார் சம்பந்தமான ஏதோ ஒரு உப்புச்சப்பில்லாத பழுது. அதன் கீழே கிலோமீட்டர்: 1,12,000 சொச்சம். அண்ணன் ஒன்றும் பேசாமல் திரையை டீலர் பக்கம் திருப்பினார். "சாஃப்ட்வேர் எரர் சார்" என்று பதில் வந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே ஒயரைச் சுருட்டினார். அட்வான்ஸ் கொடுத்தால்தான் ஸ்கேன் என்று ஆரம்பத்தில் அவர்கள் அடம் பிடித்தபோது நாங்கள் மசியவில்லை. இந்தத் தேடலில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி அதுதான். ஸ்கேனுக்கு விடாதவரிடம் ஒரு ரூபாய் டோக்கன்கூடக் கொடுக்காதீர்கள்.

வேறு இரண்டு சில்லறைச் சோதனைகள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஸ்டெப்னி காரோடு பிறந்ததாக இருந்து நான்கு சக்கரமும் புதிதாக இருந்தால், 30,000 ஓடிய வண்டிக்கு எதற்குப் புது டயர் என்று கேளுங்கள். அடுத்தது சீட் பெல்ட்: கடைசிவரை இழுத்தால் அடியில் தயாரித்த தேதியோடு லேபிள் வரும். ஒன்று மட்டும் வேறு வருடம் என்றால் அந்தப் பக்கம் அடிபட்ட கதை ஏதோ இருக்கிறது.

கடைசியில் வாங்கியது யாரும் தேடாத ஒன்று: 2015 ஆக்டேவியா 1.4 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். 140 குதிரைத்திறன்தான். ஆனால் இழுவிசை 250 நியூட்டன் மீட்டர், 1.8-க்கும் அதே எண். டிஎஸ்ஜி இல்லை, மெக்கட்ரானிக் இல்லை. மல்டிலிங்க்கும் இல்லை, பின்னால் சாதா டார்ஷன் பீம். வளைவில் மேடு பள்ளம் வந்தால் பின்பக்கம் லேசாகத் துள்ளுவது தெரிகிறது. அந்த நஷ்டத்தை நான் ஏற்றுக்கொண்டேன், மூன்றாம் கியரில் வால்பாறை ஏறும்போது டர்போ பிடிக்கும் அந்த இழுப்புக்காக. (இது செடானே இல்லை, பின்கண்ணாடியோடு சேர்ந்து டிக்கி திறக்கிறது என்று என் மச்சான் இன்னும் வாதாடுகிறார். 590 லிட்டர் டிக்கியில் அவர் குடும்ப மூட்டையை ஏற்றும்போது மட்டும் பேச்சே வராது.)

ஓனர் ஓய்வுபெற்ற டாக்டர், முதலிலிருந்து அவர் ஒருவர் கையிலேயே இருந்த வண்டி, சர்வீஸ் பில் வருடவாரியாக ஃபைலில். ஓட்டிப் பார்த்தது, ஸ்கேன், பேரம் எல்லாம் ஒரு காலைப் பொழுதில் முடிந்தது.

அப்புறம் ஆரம்பித்தது.

ஆர்சியில் வங்கிக் கடன் குறிப்பு அப்படியே இருந்தது. டாக்டர் கடனை எப்போதோ அடைத்து வங்கியிடம் என்ஓசியும் வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார், ஆர்டிஓவில் கொடுத்து எச்பி என்கிற அந்தக் கடன் குறிப்பைக் கேன்சல் செய்யவில்லை. கடன் முடிந்தால் வேலை முடிந்தது என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். கவுண்டரில் இருந்தவர் என்ஓசியைக் கையில்கூட வாங்கவில்லை. "இது மூணு மாசம்தான் செல்லும், புதுசா வாங்கிட்டு வாங்க." சரி, வங்கிக்குப் போனோம். கடன் கொடுத்த கிளை வேறு கிளையோடு சேர்ந்துவிட்டது, பழைய வாகனக் கடன் கணக்கெல்லாம் சென்னையில். மெயில் போடுங்கள் என்றார்கள். போட்டோம். பதில் இல்லை. டாக்டரே நேரில் வந்து மேனேஜர் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் காகிதம் நகர்ந்தது. அவருக்கு எழுபது வயது, விற்ற காருக்காக அலைய வேண்டிய அவசியமே இல்லை. "நான் பண்ணாம விட்ட வேலை தம்பி, நான்தானே முடிக்கணும்" என்றார்.

கடன் குறிப்பை நீக்குவதற்கான ஃபார்ம் 35 வந்தது, அதில் ஒரு பிரதியில் வங்கி சீல் இல்லை. அதே கவுண்டர், அதே ஆள். இரண்டு பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சீல் இல்லாததை மட்டும் விரலால் தள்ளினார். என்ன குறை என்று வாய் திறந்து சொல்லவில்லை. நாங்களாகக் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

அது முடிந்து மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் பெயர் மாற்ற விண்ணப்பம் போட்டால் ஓடிபி டாக்டர் போனுக்கு வரவில்லை. கார் பதிவான அன்று யாரோ ஒரு விற்பனைப் பிரதிநிதியின் நம்பரைப் போட்டிருக்கிறார்கள். அந்த நம்பருக்கு அழைத்தால் இப்போது அது ஒரு பேக்கரி. வாங்கப்போகும் வண்டியின் பதிவில் யார் செல்போன் நம்பர் இருக்கிறது என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்னால், ஓனர் பக்கத்தில் இருக்கும்போதே ஓடிபி அனுப்பிப் பாருங்கள். என்னைக் கேட்டால் டெஸ்ட் டிரைவுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான்.

இன்சூரன்ஸில் ஏஜென்ட் ஒரு குண்டு போடப் பார்த்தார்: "ரினியூவல் வரைக்கும் அப்படியே ஓட்டுங்க, அப்புறம் மாத்திக்கலாம்." கேட்காதீர்கள். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசி மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு வண்டியோடு வந்துவிடும். நம் வண்டிக்கு அடிபட்டால் கிளைம் பழைய ஓனர் பேரிலேயே தொங்கும், பணம் கிடைக்காது. டாக்டருக்கு 50 சதவீத நோ கிளைம் போனஸ் இருந்தது. அது அவருடையது, காருடையது இல்லை, வித்தியாசத் தொகையை நான் கட்டினேன். பேரத்தின்போதே இதையும் கணக்கில் வையுங்கள். பழைய ஃபாஸ்டேகை ஓனர் மூடினால்தான் அந்த நம்பருக்குப் புதிது கிடைக்கும், அதையும் அன்றே முடிக்கச் சொல்லுங்கள்.

இப்போது ஆர்சி அட்டை ஸ்பீடு போஸ்ட்டில்தான் வருகிறது, கவுண்டரில் கொடுப்பதில்லை. வீடு பூட்டியிருந்தால் ஆர்டிஓவுக்கே திரும்பிப் போய்விடும், மறுபடி அதே கவுண்டர். எனவே தபால்காரரிடம் நம்பரைக் கொடுத்து வையுங்கள். அட்டை கைக்கு வந்ததும் கடன் குறிப்பு நீங்கிவிட்டதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். பெயர் மாறி எச்பி மட்டும் ஒட்டிக்கொண்டே வந்த அட்டை ஒன்றை ஆர்டிஓ வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கையில் பார்த்தேன்.