சார்கிட்ட கேளுங்கக்கா

அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதை இந்தியில் திருப்பிச் சொல்ல எனக்குப் பத்து விநாடிகூட ஆகியிருக்காது. சொல்லவில்லை.

வளைகுடாவில், வேலை செய்த வீட்டைவிட்டு வந்த பெண்கள் தங்கும் இந்தியத் தூதரக ஷெல்டரில் அவளுடைய வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்தோம். அவள் தமிழில் சொல்வதை அதிகாரிக்கு இந்தியில் சொல்வது என் வேலை. பாஸ்போர்ட் முதலாளி வீட்டில், ஐந்து மாதச் சம்பளம் பாக்கி, ஓடிப்போய்விட்டாள் என்று ஸ்பான்சர் கொடுத்த புகார். எங்கள் ஷெல்டரில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான். இவளுக்கு 25 வயது, பத்தாவது ஃபெயில். துபாய்க்கு விசிட் விசா, அங்கிருந்து ஏஜென்ட் இங்கே கொண்டுவந்து விட்டிருந்தான். “முப்பது வயசுக்கு முன்னாடி வீட்டு வேலைக்கு வரக்கூடாதுன்னு ரூல் இருக்கே, தெரியாதான்னு கேளுங்க” என்றார் அதிகாரி. கேட்டேன்.

“தெரியும்க்கா. எங்கண்ணன் இருபத்தோரு வயசுல கத்தார் போனான். அவனும் பத்தாவது ஃபெயில்தான். அவனை யாரும் முப்பது ஆகட்டும்னு நிறுத்தலையே? எனக்கு மட்டும் ஏன்? சார்கிட்ட கேளுங்கக்கா.”

அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு, என்ன சொல்கிறாள் என்று என்னைப் பார்த்தார். “ஊருக்கு எப்ப அனுப்புவீங்கன்னு கேக்கறா சார்” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் காரணங்கள் இருக்கின்றன, நல்ல காரணங்கள்தான். பாஸ்போர்ட் இல்லாதவர் ஊர் திரும்பத் தரும் அவுட்பாஸில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். டிக்கெட்டுக்குச் சமூக நல நிதியிலிருந்து பணம் ஒதுக்கச் சொல்லி எழுத வேண்டியவரும் அவரே. விதியை மீறி வந்துவிட்டு நம்மையே கேள்வி கேட்கிறாளே என்று அவருக்குத் தோன்றினால் ஃபைல் ஒரு வாரம் மேசையிலேயே கிடக்கும். அப்படிக் கிடந்த ஃபைல்களைப் பார்த்திருக்கிறேன். மொழிபெயர்ப்பவள் ஆளைக் காப்பாற்ற வேண்டுமா, வார்த்தையைக் காப்பாற்ற வேண்டுமா என்றால் ஆளைத்தான் என்று அன்று தோன்றியது. ஆனால் அந்த அதிகாரி கடுகடுப்பானவர் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு எங்களோடு வந்தவர். அவர் கோபப்பட்டிருப்பார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. எனக்கே அந்த விதி சரி என்று பட்டது. பத்தாவது தேறாத இந்தியர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். 1983-ஆம் வருஷச் சட்டம் அது, ஆண் பெண் எல்லாருக்கும் பொது. வீட்டு வேலைக்குப் போகும் பெண் என்றால் அதற்கு மேல் 30 வயது என்று ஒரு வரம்பு. கதவைச் சாத்திய வீட்டுக்குள் நடப்பது யாருக்கும் தெரியாது, கொஞ்சம் வயதான பெண் என்றால் சமாளிப்பாள் என்பது அதற்குச் சொல்லும் நியாயம். ஷெல்டரில் நான் பார்த்தவரை முப்பதைத் தாண்டியவர்களும் சமாளிக்கவில்லை. சின்னப் பெண்கள் வராமலும் இல்லை. விசிட் விசாவில் வந்தவர்கள் ஒரு பக்கம், பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டிப் போட்டு வந்தவர்கள் இன்னொரு பக்கம். இலங்கை மூதூரின் ரிசானா நபீக்கை யாரும் மறந்திருக்க முடியாது. 2005-இல் பதினேழு வயதில், வயதைக் கூட்டிய பாஸ்போர்ட்டில் சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போனவள். அந்த வீட்டுக் குழந்தையைக் கொன்றாள் என்று சொல்லி, 2013 ஜனவரியில் மரண தண்டனையை நிறைவேற்றினார்கள். அதற்குப் பிறகு இலங்கையிலும் வயது வரம்பைத்தான் உயர்த்தினார்கள்.

அப்புறம் ஒரு பயிற்சி வகுப்பு. வெளியுறவுக் கொள்கையில் பாலினச் சமத்துவம் என்பது தலைப்பு. ஸ்வீடன் 2014-இல் பெண்ணிய வெளியுறவுக் கொள்கை என்று அறிவித்ததையும், ஆட்சி மாறியதும் 2022-இல் அந்தப் பெயரைக் கைவிட்டதையும் சொன்னார்கள். 2007-இல் லைபீரியாவுக்கு நம் நாட்டிலிருந்து போன பெண் காவலர் படையின் படத்தைக் காட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. முத்தம்மாவைப் பற்றி அங்கேதான் கேள்விப்பட்டேன். சி.பி.முத்தம்மா, சென்னையில் படித்தவர், 1949-இல் ஐ.எஃப்.எஸ் என்னும் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அந்தக் காலத்து விதிப்படி பெண் அதிகாரி கல்யாணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால் ராஜினாமா கேட்கலாம். முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். 1979-இல் தீர்ப்பு எழுதிய கிருஷ்ணய்யர் கேட்டதன் சாரம் இதுதான்: குடும்பப் பொறுப்பு இடைஞ்சல் என்றால் ஆண் அதிகாரிக்கும் அதே இடைஞ்சல் வரலாமே, அவருக்கு ஏன் இந்த விதி இல்லை?

எனக்கு நெஞ்சு அடைத்தது. வார்த்தைதான் வேறு, கேள்வி அவளுடையதுதான்.

வகுப்பின் முடிவில், உங்கள் மேசையில் சமத்துவத்தை எப்படி நடைமுறைப்படுத்தினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். பெண்களின் வாக்குமூலத்தைப் பெண் ஊழியர் உடனிருந்துதான் பதிவு செய்கிறோம் என்று எழுதினேன். அது உண்மை. அந்தப் பெண் ஊழியர் நான்தான்.

ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன். எங்கள் தெருவில் 24 வயதில் ஒரு பெண் இருக்கிறாள். வீட்டு வேலைக்கு வளைகுடா போகட்டுமா என்று அவளுடைய அம்மா கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்று சண்டை போடாத குறையாகச் சொன்னேன். அவளுடைய தம்பி கிளம்பியபோது, ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு என்று மட்டும் சொன்னேன். இரண்டையும் இன்றைக்குக் கேட்டாலும் அப்படியேதான் சொல்வேன். விதியை எடுத்துவிட்டால் நாளைக்கே எல்லாம் சரியாகிவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை. இருந்தாலும் அன்று ஷெல்டரில் அவள் கேட்டது தப்பில்லை.

ஷெல்டரிலிருந்து அவள் கிளம்ப இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. ஊருக்குப் போகுமுன் கைரேகை வைக்க வேண்டும். கைரேகை இயந்திரம் அவள் விரல்களை எடுக்கவே இல்லை. பிளீச் கலந்த தண்ணீரில் வேலை செய்து செய்து, பத்து விரல் நுனியும் தேய்ந்து வழவழவென்று இருந்தன. தினமும் ராத்திரி கையில் வாஸ்லின் தடவி, பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். நான்காவது தடவைதான் பச்சை விளக்கு எரிந்தது.

இதற்கெல்லாம் முன்னால், வாக்குமூலம் முடிந்து வெளியே வந்ததும், “சார் என்னக்கா சொன்னாரு?” என்று கேட்டாள். அதிகாரி சொன்னது, “ரெண்டு வாரம் ஆகும்.” நான் சொன்னது, “மேலே எழுதிக் கேக்கறேன்னு சொன்னாரு.”

“சரிக்கா” என்றாள். முகம் தெளிந்துவிட்டது.