நண்டு அக்குளை எட்டும் முன்

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேச்சுப் பயிற்சி அறைக்கு வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "என்ன பொம்மை வாங்கணும்?" என்றுதான். பொம்மை வேண்டாம், பருப்பு கடையுங்கள் என்போம்.

குழந்தையின் உள்ளங்கையை விரித்து, முழங்கையால் கடைந்து, அம்மாவுக்குக் கொஞ்சம், தாத்தாவுக்குக் கொஞ்சம் என்று ஒவ்வொரு விரலாக மடக்கி, கடைசியில் 'நண்டூருது நரியூருது' என்று இரண்டு விரல்களை மணிக்கட்டிலிருந்து மேலே நடத்தி, அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும் அதே பழைய விளையாட்டுதான். ஆறேழு மாதத்தில் இது நன்றாகப் பிடிபடும். ஒவ்வொரு முறையும் அதே வரிசை, அதே ராகம் என்பதால் அடுத்து என்ன வரும் என்று குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது.

நாலைந்து தடவை முழுதாக விளையாடிய பிறகு, நண்டை முழங்கை மடிப்பில் நிறுத்திவிட்டு வாயையும் மூடிக்கொள்ளுங்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். குழந்தை முதலில் உங்கள் விரலைப் பார்க்கும், பிறகு முகத்தைப் பார்க்கும். தோளைக் குறுக்கும், காலை உதைக்கும், 'ங்ஆ' என்று ஒரு சத்தம் கொடுக்கும். 'இன்னும்' என்ற சொல் வருவதற்கு வெகுநாள் முன்பே அதன் வேலையைச் செய்யும் சத்தம் அது. கேட்டதும் நண்டை ஓடவிடுங்கள்.

பலருக்கும் இந்தப் பத்து எண்ணுவதுதான் கஷ்டம். இரண்டிலேயே பொறுமை போய், "சிரி, சிரி" என்று கிச்சுகிச்சு மூட்டிவிடுவார்கள். குழந்தையின் முறை பறிபோகிறது. டிவி ஓடினால் அந்தச் சின்னச் சத்தம் காதிலேயே விழாது. முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ முதுகை வளைத்தாலோ போதும் என்று அர்த்தம். அப்போதும் விடாமல் மூட்டினால், தான் சொல்வது எடுபடாது என்றே அது கற்றுக்கொள்ளும்.

ஒன்பது மாதத்துக்கு மேல், டம்ளரைத் துண்டுக்கடியில் ஒளித்துவைத்துத் தேடவிடலாம். கிடைத்ததும் டம்ளரையும் உங்களையும் மாறி மாறிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். விரல் நீட்டிக் காட்டுவது இதன் தொடர்ச்சியாக வரும்.

பத்து மாதமாகியும் 'பாபாபா', 'மாமாமா' என்ற அடுக்கு ஒலி வரவில்லையா? "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருக்க வேண்டாம், காதைச் சோதியுங்கள். தட்டைத் தட்டினால் திரும்புகிறது என்பது போதாது. கீழ்ச்சுருதி ஒலி மட்டும் கேட்கும் குழந்தையும் திரும்பும். காதில் சிறு முனையைப் பொருத்திச் செய்யும் முதல்கட்டச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும், வலிக்காது. பால் கொடுக்கும் நேரத்தை ஒட்டி அழைத்துவாருங்கள். தூங்கும்போதே முடிந்துவிடும்.