இரண்டு வாரப் போஸ்டிங்கில் என்ன சொல்லிக்கொடுப்பது?

மருத்துவக் கல்லூரியிலிருந்து எங்கள் மனநலப் பிரிவுக்குப் போஸ்டிங்காக, அதாவது வார்டுப் பயிற்சிக்கு, வரும் மாணவர்கள் முதல் நாளே கேட்டுவிடுவார்கள்: "மேடம், வார்டுல நல்ல ஸ்கிசோஃப்ரினியா கேஸ் இருக்கா?" நல்ல கேஸ் என்றால் காதில் குரல் கேட்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரன் செல்போன் வழியாகத் தன் மூளையை இயக்குகிறான் என்று சொல்ல வேண்டும். புத்தகத்தில் படித்தது அப்படியே எதிரில் உட்கார்ந்து பேசினால் யாருக்குத்தான் சுவாரசியமாக இருக்காது? நானும் காட்டுவேன். ஆனால் இரண்டு வாரத்தையும் அதிலேயே கழித்துவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

அவர்களில் பெரும்பாலோர் மனநல மருத்துவர் ஆகப்போவதில்லை. ஒருவர் களக்காடு பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காருவார், ஒருவர் திசையன்விளையில் சொந்தமாகக் கிளினிக் போடுவார், ஒருவர் எலும்பு டாக்டர் ஆவார். முற்றிய மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளியை வீட்டார் நாலு பேரைக் கேட்டு எப்படியும் எங்களிடம் கொண்டுவந்துவிடுவார்கள். தலைவலி, படபடப்பு, கைகால் ஓய்ச்சல் என்று பொது ஓபி வரிசையில் நிற்பவர்கள்தான் எங்கள் பக்கம் வரவே மாட்டார்கள். 2015-16இல் பெங்களூரு தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் சேர்ந்திருந்தது. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநோய் அப்போது இருந்தது; நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றது அது. அவர்கள் சிகிச்சைக்கே போகாதவர்கள் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் நான் பார்த்தவரை, போகாத ஆஸ்பத்திரி இருக்காது.

மாணவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மனநலத்துக்குத் தனித் தேர்வு கிடையாது. பொது மருத்துவத் தாளுக்குள் சில கேள்விகள், அவ்வளவுதான். படிப்பு முடிந்து பயிற்சி டாக்டராக இருக்கும் ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் இரண்டு வாரம் கட்டாயம் என்று ஆகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அது லைப்ரரிக்குப் போகக் கிடைத்த இரண்டு வாரம். லாக்புக்கில் கையெழுத்து வாங்க மட்டும் கடைசி நாள் வந்து நிற்பார்கள்.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். முக்கூடல் பக்கத்து அம்மா, பீடி சுற்றுபவர், நாற்பத்தைந்து வயதுக்கு மேல். வந்ததும் மஞ்சப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். தலை ஸ்கேன், கழுத்து எக்ஸ்ரே, தைராய்டு ரிசல்ட், கண்ணாடிக்கு எழுதிக்கொடுத்த சீட்டு, மூன்று ஆஸ்பத்திரி சீட்டுகள். "மண்டைய வெட்டி வெட்டி இழுக்கு, மேலெல்லாம் காந்துது" என்றார். மாணவன் ஒழுங்காகத்தான் கேட்டான்: எத்தனை நாளாக, வாந்தி உண்டா, பார்வை மங்குகிறதா, ஜுரம் உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை. "மனசுக்குக் கஷ்டமா இருக்காம்மா?" என்றான். "அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா" என்று முடித்துவிட்டார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அந்த பேட்சில் ஆலங்குளத்துப் பெண் ஒருத்தி உண்டு. அவளுடைய ஆச்சி பீடி சுற்றுபவராம். அவள் கேட்டது வேறு கேள்வி: "ஒரு நாளைக்கு எத்தன பீடிம்மா சுத்துவீய?" அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "முன்னல்லாம் ஆயிரம் சுத்துவேன் பாப்பா. இப்ப ஐநூறு சுத்ததுக்குள்ள ராத்திரி ஆயிருது. அதுலயும் கடையில பாதிய வெட்டுன்னு கழிச்சிருதான்." எப்போதிருந்து குறைந்தது என்று கேட்டாள். மகள் வீட்டை விட்டுப் போன பங்குனியிலிருந்து. தட்டை மடியில் வைத்தால் கை ஓடுவதில்லை; நூலைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பாராம். கோழி கூவுவதற்கு முன்னாலேயே முழிப்புத் தட்டிவிடும், அப்புறம் உறக்கம் கிடையாது. சோறு இறங்குவதில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு அண்ணன் வீட்டில் கூப்பிட்டும் போகவில்லை. கடைசியில் அவராகவே சொன்னார்: "சவம், போய்ச் சேந்தாத் தேவலன்னு கெடக்கு."

மனச்சோர்வு நோய்க்குக் கேட்க வேண்டியது அத்தனையும் அந்தப் பதில்களில் வந்துவிட்டது: வேகம் குறைந்தது, கவனம் சிதறியது, அதிகாலை விழிப்பு, பசியின்மை, ஒதுங்கிக்கொண்டது, சாவு நினைப்பு. எப்போது தொடங்கியது, எவ்வளவு முடக்கியிருக்கிறது என்பதற்குக் கணக்குகூட இருக்கிறது. பீடிக்கடைப் பாஸ்புத்தகத்தைப் புரட்டினால் போதும். மருந்து தொடங்கியபின் முன்னேற்றத்தையும் அந்த அம்மா அதே கணக்கில்தான் சொன்னார், "எழுநூறு ஓடுது" என்று. இப்போதெல்லாம் மாணவர்களுக்கு முதல் நாள் நான் சொல்வது: நோய்க்குறியைக் கேட்பதற்கு முன்னால் ஆள் என்ன வேலை பார்க்கிறார், அதில் என்ன குறைந்திருக்கிறது என்று கேளுங்கள். வயல், செங்கல் சூளை, பஸ் கண்டக்டர் வேலை, எதுவானாலும் சரி.

இரண்டாவதாக அவர்களை எலும்பு வார்டுக்கு அழைத்துப் போவேன். அங்கிருந்து ராத்திரியில் எங்களுக்குப் போன் வரும்: "பேஷன்ட் மென்டல் ஆயிட்டாரு, உங்க வார்டுக்கு மாத்திக்கோங்க." ஆக்சிடென்டில் கால் உடைந்து படுத்தவர், இரண்டு நாள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ராத்திரி கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, போர்வையில் பூச்சி ஊர்வதாகப் பொறுக்குகிறார், ட்ரிப்ஸைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறார். கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்டால் போதும். விபத்தன்று சாயங்காலம் என்பார் மனைவி. தினமும் குடித்தவருக்குச் சட்டென்று சரக்கு நின்றால் இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இந்தக் குழப்பம் வரலாம், வலிப்பும் வரலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் (வைட்டமின் பி1) போட வேண்டும், டயஸிபாம் வகை மருந்து போதுமான அளவில் வேண்டும். கையைக் காலைக் கட்டிப்போடுவது வைத்தியம் இல்லை. மனநோய் என்று எங்களிடம் தள்ளிவிடுகிற கேஸ்களில் உடனடி ஆபத்து அதிகமுள்ளவற்றில் இதுவும் ஒன்று. டாஸ்மாக் இருக்கிற ஊரில் எந்த டாக்டருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

தற்கொலைக்கு முயன்று வருபவர்களிடம் பேசுவதற்குத்தான் மாணவர்கள் மிகவும் தயங்குகிறார்கள். சாவு நினைப்பு உண்டா என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகாதா என்பார்கள். ஆகாது, கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்டதும் பலர் அழுவார்கள், அழுதுவிட்டுப் பேசுவார்கள். மூத்த டாக்டர்கள் சிலர் வார்டில் "போலீஸ் கேஸ் ஆயிரும், தெரியும்லா?" என்று மிரட்டுவதைப் பார்த்தே பிள்ளைகள் வளர்கிறார்கள். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309ஆம் பிரிவை, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா எடுத்துக்கொள்ளவே இல்லை. இதைச் சொன்னால் மாணவர்கள் மட்டுமல்ல, சில சமயம் அந்த வார்டு டாக்டர்களும் நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். மருத்துவமனை தேடி வர முடியாதவர்களுக்கு 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணையும் எழுதிக்கொடுக்கச் சொல்வேன்.

சாமி, பேய் பற்றி. புளியம்பட்டி அந்தோணியார் கோயில், ஆத்தங்கரைப் பள்ளிவாசல், சங்கரன்கோவில், இதில் ஏதாவது ஒன்றுக்குப் போய்விட்டுத்தான் பலர் எங்களிடம் வருகிறார்கள். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு இது சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டிய ஒரு காப்பகத்தில், 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டுக் கிடந்த 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். அதையும் கட்டாயம் சொல்வேன். சங்கிலியால் கட்டுவதை இன்றைய சட்டம் அடியோடு தடை செய்கிறது. ஆனால் "கோயிலுக்குப் போகாதே" என்று சொன்னால் அந்தக் குடும்பம் அடுத்த மாதம் மாத்திரைக்கு வராது. போய்விட்டு வாருங்கள், மாத்திரையையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குமேல் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

இதோடு சேர்ந்த ஒரு சமாச்சாரம். பழைய மாணவன் ஒருவன் சுகாதார நிலைய ராத்திரி டியூட்டியிலிருந்து போன் செய்தான். பின்னால் ஒரே சத்தம். பதினெட்டு வயதுப் பையன், கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது, கண் மேலே செருகி நிற்கிறது, நாக்கு வெளியே தள்ளுகிறது, ஆனால் நினைவு இருக்கிறது. ஊரில் கொடை நடக்கிற நேரம். இசக்கி பிடித்துவிட்டாள் என்று கூட்டி வந்தவர்கள் திருநீறு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். "மத்தியானம் வாந்திக்கு ஊசி போட்டிருக்காங்க மேடம், மெட்டோகுளோப்ரமைட். டிஸ்டோனியாதானே?" அதேதான், மருந்தால் தசை இழுத்துக்கொள்வது. வாந்தி ஊசியிலும் மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடாலிலும் இளம் வயதினருக்கு இப்படி வரும். ப்ரோமெத்தசின் ஊசி போட்டான். கால் மணி நேரத்தில் கழுத்து நேராகிவிட்டது. திருநீறு போட்டவர்களும் அதை மறுக்கவில்லை, தங்கள் பங்கையும் சேர்த்துக்கொண்டார்கள். போகட்டும். எங்கள் வார்டில் ஊசி போட்ட ஒருவருக்குக் கழுத்து இழுத்ததை நேரில் பார்த்தவன் அவன். அதனால் அந்த ராத்திரி வலிப்பு என்று பயந்து ஆம்புலன்ஸ் ஏற்றவில்லை.

இப்போது கையெழுத்துக்கு வருபவர்களிடம் லாக்புக்கோடு ஒரு கேஸ் ஷீட்டும் கேட்கிறேன். மனநல வார்டுக் கேஸ் வேண்டாம். வேறு வார்டில் அவர்களாகவே போய்ப் பேசி எழுதியது வேண்டும். முணுமுணுப்பு இருக்கிறது, ஆனால் எழுதுகிறார்கள். பிரசவம் ஆன தாய்மாரின் மனச்சோர்வுதான் யாருடைய ஷீட்டிலும் வருவதில்லை. பெற்றவர்களைச் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அது பல நேரம் அதற்கப்புறம்தான் தெரியவரும். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புதன்கிழமை சுகாதார நிலையத்துக்கு வரும்போதுதான் அவர்களைப் பிடிக்க முடியும். அடுத்த பேட்சை ஒரு புதன்கிழமை அங்கே அனுப்பச் சமூக மருத்துவத் துறையில் கேட்டிருக்கிறேன். ஆள் தருகிறோம் என்றார்கள். வண்டிக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.