வெட்டிப் போட்ட பாராக்கள்

அரசுக் கணக்குத் தணிக்கையில் சேர்ந்த முதல் சில வருடங்கள் ரொம்ப சந்தோஷமாகப் போயின. ஒரு அலுவலகத்துக்குப் போவோம், ரொக்கப் பதிவேட்டையும் வவுச்சர் கட்டுகளையும் பிரித்து உட்காருவோம், சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒன்று கையில் தட்டுப்படும். ஒருமுறை வாகனப் பதிவேடு ஒன்றில் வருடம் முழுக்க ஒரே பேனா, ஒரே மை, எழுத்தின் சாய்வுகூட மாறவில்லை. தணிக்கை வருகிறது என்று தெரிந்ததும் யாரோ ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதி முடித்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு பெருமை.

அப்புறம் பதவி உயர்வு வந்தது. இப்போது நான்கு குழுக்கள் என் பொறுப்பில். தப்பு கண்டுபிடிக்கும் வேலை கையை விட்டுப் போய்விட்டது. மற்றவர்கள் கண்டுபிடித்துக் கொண்டுவருவதில் எதை அறிக்கையில் வைப்பது, எதை வெட்டுவது என்று பார்ப்பதுதான் இன்றைய வேலை. பெரும்பாலும் வெட்டுவது. வருடாந்திரத் திட்டம், சுற்றுப்பயணப் பட்டியல், விடுப்பு விண்ணப்பம், கூட்டங்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்லச் சுவாரசியமாக ஒன்றுமில்லை. ஒன்றைத் தவிர. எல்லா அலுவலகத்தையும் எந்த வருடமும் பார்க்க முடியாது. ஆபத்து எங்கே அதிகம் என்று யோசித்து மாதிரி எடுக்கிறோம். போன இடத்தில் பார்த்ததற்குக் குழு பதில் சொல்லும். போகாத இடத்தில் ஏதாவது வெடித்தால், ஏன் போகவில்லை என்ற கேள்வி நேராக என் மேசைக்குத்தான் வரும்.

வெட்டுவது என்றேன் இல்லையா, அதில் ஒன்றைச் சொல்கிறேன். அரசு மருத்துவமனைகளுக்காக 14 பெரிய ஆட்டோகிளேவ்கள் வாங்கியிருந்தார்கள். அறுவைக் கருவிகளை நீராவியில் கிருமிநீக்கம் செய்யும் இயந்திரங்கள். அதில் 9 இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அறிக்கையில் ஒவ்வொரு குறையையும் ஒரு பாராவாக எழுதுவோம். குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி எழுதிய வரைவு பாரா இப்படித் தொடங்கியது: ‘மருத்துவமனை நிர்வாகங்களின் அலட்சியத்தால் 9 இயந்திரங்கள் முடங்கிக் கிடக்கின்றன.’ சுறுசுறுப்பான பையன். டெண்டர் கோப்பு, விநியோக ரசீது, இருப்புப் பதிவேடு எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருந்தான். ‘அலட்சியம்’ என்ற சொல்லுக்கு மட்டும் நகல் இல்லை. அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் ‘ஆதாரம்?’ என்று எழுதினேன்.

“மேடம், வாங்கி ஒண்ணரை வருஷம் ஆச்சு. பிரிக்கவே இல்ல. இதுக்கு மேல என்ன ஆதாரம்?” என்றான்.

சரி, போய்ப் பார்க்கலாம் என்று இருவரும் அந்த மருத்துவமனைகளில் ஒன்றுக்குப் போனோம். கிடங்கின் கடைசி மூலையில், சன்னல் ஓரம் நின்றது இயந்திரம். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளாகிப் பொரிந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் யாரோ கிழித்து, உள்ளே மாட்டியிருந்த விவரத் தகட்டைப் பார்த்திருக்கிறார்கள். கிழித்தது கிடங்குக் காப்பாளர். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி இருந்தவர். தகட்டில் த்ரீ பேஸ் மின்சாரம் வேண்டும் என்றிருந்தது. அந்தக் கட்டடத்தில் இருந்தது சிங்கிள் பேஸ். ஒரு நோட்டை எடுத்து வந்து காட்டினார். வலப்பக்கத்தில் அவர் எழுதி அனுப்பிய கடிதங்களின் நகல், தேதியோடு. இடப்பக்கம் முழுக்கக் காலி.

“ஏன் ஐயா ஒரு பக்கம் விட்டிருக்கீங்க?”

“பதில் வந்தா ஒட்டலாம்னு வெச்சிருக்கேன் மேடம். ஏழு தடவை எழுதிட்டேன்.”

தம்பி ஒன்றும் பேசவில்லை. நானும்தான்.

தலைமை அலுவலகத்துக்குத் திரும்பிப் பழைய கோப்பை முதலிலிருந்து படித்தபோது விஷயம் தெரிந்தது. மதிப்பீட்டில் இயந்திரத்தின் விலை மட்டும் இருந்தது. மின் இணைப்பை மாற்றும் செலவை யாரும் கேட்கவே இல்லை. அந்த வேலை கட்டடப் பிரிவுடையது. அந்தப் பிரிவுக்குக் கோப்பு போகவே இல்லை. செலவு செய்ததற்குப் பலன் கிடைத்ததா என்று பார்க்கும் செயலாக்கத் தணிக்கையில் சிக்கனம், திறன், பயன் என்று மூன்றைப் பார்க்கச் சொல்வார்கள். சிக்கனமாகத்தான் வாங்கியிருந்தார்கள், விதிப்படி டெண்டர் விட்டு, மலிவான விலைக்கு. திறனுக்கும் குறைவில்லை, எல்லா இயந்திரமும் தவணைக்குள் வந்து இறங்கிவிட்டன. பயன் மட்டும் இல்லை. வவுச்சரை மட்டும் பார்க்கும் தணிக்கையாக இருந்திருந்தால் ‘குறை ஏதும் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டு வந்திருப்போம்.

என்ன இருந்திருக்க வேண்டும், என்ன இருக்கிறது, ஏன், அதனால் என்ன ஆயிற்று. ஒரு நல்ல பாராவில் இந்த நான்கும் இருக்கும். என் மேசைக்கு வரும் வரைவுகளில் முதல் இரண்டும் பளிச்சென்று இருக்கும், நான்காவதும் ஓரளவுக்கு இருக்கும். மூன்றாவது இடத்தில் பெரும்பாலும் ஒரு வசவுதான் உட்கார்ந்திருக்கும். அலட்சியம், மெத்தனம், பொறுப்பின்மை. காரணம் தெரியாதபோது நாம் குணத்தைத் திட்டுகிறோம். வீட்டிலும் அப்படித்தானே.

1953-இல் ஹவானாவில் 34 நாடுகளின் பங்கேற்போடு தொடங்கிய இண்டோசாய் என்ற அரசுத் தணிக்கை நிறுவனங்களின் உலக அமைப்பு, 1977-இல் லிமாவில் ஒரு பிரகடனத்தை ஏற்றது. தணிக்கை தனக்குத் தானே ஒரு நோக்கம் அல்ல என்பது அதன் முதல் பிரிவிலேயே இருக்கிறது. துறைத் தேர்வுக்காக மனப்பாடம் பண்ணி, தேர்வு முடிந்ததும் மறந்த வரி. அந்தக் கிடங்கில் நிற்கும்போது ஏனோ ஞாபகம் வந்தது. தணிக்கை அமைப்பு, தான் தணிக்கை செய்யும் அமைப்பைச் சாராமல் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்றும் அதே பிரகடனம் வற்புறுத்துகிறது. நடைமுறையில் நாங்கள் அவர்கள் அறையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் கோப்பைத்தான் படிக்கிறோம். தணிக்கைக்கென்று ஒதுக்கும் அறை பதிவறைக்குப் பக்கத்தில்தான் இருக்கும், மேசைக்கு ஒரு கால் ஆடும். அந்த மேசையிலிருந்துதான் சுதந்திரமாக இருக்க வேண்டும்.

நான் எல்லாம் தெரிந்தவள் மாதிரி பேசுகிறேன். என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொறுப்புக்கு வந்த இரண்டாம் வருடம், வேறொரு துறையின் நிறைவுக் கூட்டம், அதாவது தணிக்கை முடிவில் பாராக்களை அந்தத் துறையினர் முன் வைத்துப் பேசும் கூட்டம். 12 பாராக்கள். மூன்றாவது பாராவை நான் வாசித்து முடித்ததும், அந்தத் துறையின் நிதி அலுவலர் சிரிக்காமல், கோபப்படாமல், ஒரு தாளை மேசைமேல் என் பக்கம் நகர்த்தினார். எங்கள் எக்ஸெல் அட்டவணையேதான். நடுவில் இருந்த துணைக் கூட்டுத்தொகையையும் சேர்த்து மொத்தம் போட்டிருந்தோம். எங்கள் தொகை உண்மையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூட்டியது வேறொருவர். கையெழுத்து என்னுடையது. அதற்குப் பிறகு நாலாவது பாராவிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் “இது சரியா, இதையும் ஒருமுறை கூட்டிப் பார்க்கலாமா” என்று மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். மீதி ஒன்பதும் சரியான பாராக்கள். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் ஒன்றுகூட நிற்கவில்லை.

அன்றிலிருந்து வரைவின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, அதற்கு ஆதாரமான தாளின் எண்ணைப் பென்சிலில் எழுதச் சொல்கிறேன். எண் எழுத முடியாத வாக்கியம் போகும். எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் போகும். குழுக்களில் எனக்கு ‘பென்சில் மேடம்’ என்று பேர் இருப்பது தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறேன்.

ஆட்டோகிளேவ் பாரா மருத்துவமனைகளின் பேரில் போகாமல், இயந்திரம் வாங்கத் திட்டமிட்ட அலுவலகத்தின் பேரில் போனது. மூன்று வருடம் கழித்துப் பின்தொடர் தணிக்கைக்குப் போனபோது ஒன்பதில் ஐந்து ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் பார்த்த இயந்திரம் அந்த ஐந்தில் இல்லை. காப்பாளர் ஓய்வு பெற்றிருந்தார், நோட்டு இருந்தது. புதிதாக வந்த அம்மா அதை எடுத்துக் கொடுத்தார். ஏழாவது கடிதத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பதில் ஒட்டியிருந்தது, பசை ஓரமெல்லாம் வழிந்து காய்ந்திருந்தது. மேலே ‘பார்வை’ என்ற இடத்தில் எங்கள் பாரா எண்ணைக் குறிப்பிட்டிருந்தார்கள். கீழே ஒரே வரி: ‘பொருள் பரிசீலனையில் உள்ளது.’

தம்பி என்னைப் பார்த்தான். கடிதத்தின் தேதியைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.