9 வயசு தாத்தாக்கள்

60 வயசு தாண்டுனவங்க கிட்ட எடுத்த சர்வே, அதுல சராசரி வயசு என்னன்னு ஆர்ல (R, டேட்டாவை வச்சு கணக்கு போடுற சாஃப்ட்வேர்) போட்டா 9னு வருது. நானும் அதைப் பாக்காமலே ரிப்போர்ட்ல ஒட்டி அனுப்பிட்டேன். மேனேஜர் போன் பண்ணி "ஏம்பா, தாத்தாவுங்க கிட்ட கேக்கச் சொன்னா பேரப்புள்ளைங்க கிட்ட கேட்டுட்டு வந்திருக்கீங்களா"ன்னாரு.

ஃபைலைத் தொறந்து பாத்தா எல்லாம் 64, 71, 68னு ஒழுங்கா இருக்கு. ரெண்டு மணி நேரம் முட்டி மோதிட்டு ஃப்ரெண்டுக்கு போன் போட்டேன். அவன் எடுத்த எடுப்புல "வயசு காலத்துல (column) எவனாவது நம்பருக்குப் பதிலா எழுத்துல அடிச்சிருக்கானா பாரு"ன்னான். தேடுனா, ஒரே ஒரு புண்ணியவான் வயசுக்கு நேரா "ஞாபகம் இல்ல"ன்னு போட்டிருக்காரு. அந்த ஒரு வரியால மொத்த காலமும் எழுத்தாயிடுச்சு, நான் வச்சிருந்த ஆரோட பழைய 3.6 வெர்ஷன் ஃபைலைப் படிக்கும்போது எழுத்தைப் பாத்தாலே அதை ஃபேக்டரா (ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு வரிசை நம்பர் குடுத்து வைக்கிற வகை) மாத்திரும், அதைப் போய் நான் நம்பரா மாத்துற ஆஸ் டாட் நியூமெரிக்ல (as.numeric) போட்டா வயசு வராது, வரிசை நம்பர்தான் வரும். 60க்கு 1, 61க்கு 2. எரர் கிடையாது, ஒரு வார்னிங் கூட கிடையாது, கல்லுளிமங்கன் மாதிரி 9னு சொல்லிட்டு உக்காந்திருக்கு.

"2020ல வந்த 4.0லயே அந்தப் பழக்கத்தை நிறுத்திட்டாங்கடா, அப்டேட் பண்ணு"ன்னான். பண்ணேன். ஆர்ல கூடுதலா போட்டு வச்சிருந்த பேக்கேஜ் ஒண்ணையும் காணோம் (3.6க்கு ஒரு ஃபோல்டர், 4.0க்கு வேற ஃபோல்டராம், தனிக்குடித்தனம்). எல்லாத்தையும் திரும்ப இன்ஸ்டால் பண்ணி முடிக்கவே சாயங்காலம் ஆயிடுச்சு. ரன் பண்ணேன்.

9.

ஃப்ரெண்டு ஸ்க்ரீன் ஷேர்ல ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் மெதுவா "மச்சான், ஃபைலைப் படிக்கிற வரிக்கு முன்னாடி ஹேஷ் ஏன் போட்ட?"ன்னான். ஹேஷ் (#) போட்டா அந்த வரியை ஆர் கண்டுக்காது, ஃபைல் லோடாக நேரம் ஆகுதேன்னு போன வாரம் நான்தான் போட்டேன். அப்ப டேட்டா எங்கருந்து வருது? ஒவ்வொரு தடவை மூடும்போதும் சேவ் பண்ணவான்னு கேக்கும், நானும் எஸ் எஸ்னு தட்டிருவேன், அதை எல்லாம் ஆர்டேட்டா ஃபைல்ல பத்திரமா வச்சிருந்து மறுநாள் அப்படியே எடுத்து நீட்டுது. வீடு மாத்தியும் பழைய மூட்டை முடிச்சோடதான் வந்திருக்கேன்.

ஹேஷை எடுத்தாச்சு, புது செஷன், ரன். இப்ப ஒரு வார்னிங் வந்துச்சு, கண்ணுல தண்ணி வராத குறை, ஏதோ பேசுதேன்னு. ஆனா சராசரி? என்ஏ (NA, மதிப்பு இல்லைன்னு அர்த்தம்). அதே புண்ணியவான்தான். என்ஏ டாட் ஆர்எம் ட்ரூன்னு (na.rm = TRUE, என்ஏவை விட்டுட்டு கணக்கு போடுன்னு) சேத்து அவரை ஓரமா உக்கார வச்சதும் 68 வந்துச்சு.

செட்டிங்ஸ்ல போயி அந்த சேவ் விஷயத்தை "நெவர்"னு மாத்திருன்னு சொல்லிட்டு அவன் கட் பண்ணிட்டான். நான் ஆரை மூடுனேன், சேவ் பண்ணவான்னு கேட்டுச்சு, கை தானா போயி எஸ் தட்டிடுச்சு.